பச்சையெல்லாம் சத்தல்ல: வெள்ளாட்டு மேய்ச்சலை மாதவாரியாகக் கணக்கிடும் முறை

ஐப்பசி மழை இறங்கிப் பத்து நாளில் கரிசல் காடு முழுக்கப் பச்சையாகிவிடும். புதிதாக ஆடு வளர்க்கிறவர்கள் அன்றைக்குத்தான் தீவன மூட்டையின் வாயைக் கட்டி உள்ளே வைப்பார்கள். மூன்று வாரம் கழித்து ஆடு கழியும், முதுகெலும்பு தெரியும், "இவ்வளவு புல் கிடக்கே, ஏன் இளைக்குது?" என்று போன் வரும். எனக்கு வந்த போன்களில் பாதி இந்த ஒரே கேள்விதான்.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்காக எழுதியது. நான் சொல்லும் மாதங்களும் செடிகளும் கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்துக் காடுகளுக்குப் பொருந்தும். ஆடுகள் இந்தப் பக்கத்து நாட்டு இனங்களான கன்னியும் கொடியும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மற்ற மானாவாரி ஊர்களில் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம், வரிசை மாறாது. கொட்டிலிலேயே கட்டிப் போட்டு வளர்ப்பவர்களுக்கு இது அதிகம் உதவாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, கொக்கியில் தொங்கவிடும் தராசு ஒன்று (50 கிலோ வரை நிறுப்பது), கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று, பழைய செய்தித்தாள், நாலைந்து துணிப்பை. தொரட்டி எப்படியும் வீட்டில் இருக்கும்.

இதோடு, மந்தையில் ஐந்து பெட்டை ஆடுகளைத் தேர்ந்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர வயது, நோய் இல்லாதவை. வருடம் முழுக்க இந்த ஐந்தைத்தான் நிறுக்கப்போகிறோம். நாற்பதையும் நிறுக்க நினைத்தால் இரண்டாவது மாதமே சலித்துவிடும். நல்ல கொழுத்த ஆடாகப் பார்த்து எடுக்காதீர்கள், அது எந்தப் பஞ்சத்திலும் தாக்குப்பிடித்து உங்களை ஏமாற்றும்.

1. ஆட்டின் பின்னால் நடங்கள்

முதல் வேலை செடிகளின் பெயர்ப் பட்டியல் போடுவதல்ல. ஒரு ஆட்டைத் தேர்ந்து பத்து நிமிடம் அதன் பின்னாலேயே போக வேண்டும். எதைக் கடிக்கிறது, எந்த உயரத்தில் கடிக்கிறது, இலையை மட்டும் உருவுகிறதா, குச்சியோடு சேர்த்து ஒடிக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு செடியிலும் எத்தனை வாய் என்று கோடு போடுங்கள். அப்புறம் இன்னொரு ஆடு. காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று போதும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் சரி.

காரணம் இதுதான்: காட்டில் இருப்பது வேறு, ஆட்டின் வயிற்றுக்குள் போவது வேறு. செம்மறி குனிந்து புல்லை மேயும். வெள்ளாடு தலை தூக்கித் தழையைத் தேடும், பின்னங்காலில் நின்று எட்டும், ஒரே செடியில் நிற்காது. ஒரு மார்கழிக் காலையில் நான் எண்ணியபோது பத்து நிமிடத்தில் ஒரு பால்கன்னி பதினான்கு வகைச் செடியில் வாய் வைத்தது. முழங்கால் உயரத்துக்கு நின்ற கொழுக்கட்டைப் புல்லில் மூன்றே கடி. பக்கத்து வேலியில் படர்ந்திருந்த முசுமுசுக்கையை மட்டும் அடி வரைக்கும் உருவிவிட்டுத்தான் நகர்ந்தது.

இந்த வேலையைத் தாண்டிக் குதிப்பவர்கள் கடைசியில் ஆடு தொடாத செடியின் சத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆவாரையும் கொளிஞ்சியும் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாக நிற்கும். வேறு வழியில்லாவிட்டால் ஒழிய ஆடு சீந்தாது. சீமைக்கருவேல் தழையும் அப்படியே. ஏக்கர் கணக்கில் நிற்கும் அந்தப் பச்சையில் ஆட்டுக்குப் பங்கு நெற்று, அதாவது முற்றிப் பழுத்த காய், மட்டும்தான்.

2. செடியின் வயதைப் பாருங்கள்

சத்தை முடிவு செய்வதில் செடியின் பெயருக்கு முன்னால் வருவது அதன் வயது. இளம் புல்லில் இலை அதிகம், தண்டு குறைவு, நாரும் இளசு. வளர வளரத் தண்டு நீள்கிறது, உயிரணுச் சுவரில் லிக்னின் ஏறிக் கட்டையாகிறது, புரதம் விதைக்குப் போகிறது, விதை கொட்டியதும் அதுவும் போய்விடுகிறது. மிச்சம் நிற்பது வைக்கோல்.

எண்ணில் சொன்னால், தண்ணீரை நீக்கிய உலர் எடையில், முளைத்து மூன்று நான்கு வாரமான புல்லில் நூற்றுக்குப் 10 முதல் 12 பங்கு புரதம் இருக்கும். பூக்கும்போது 7, 8 ஆகும். விதை கொட்டி நின்றபடி காய்ந்தபின் 3, 4 தான்.

இதில் 7 என்ற எண்ணை மனதில் வையுங்கள். ஆட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் வேலையை நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 7 பங்குக்குக் கீழே போனால் அவற்றுக்கே இரை போதாது. செரிமானம் மந்தமாகும், தின்றது வயிற்றிலேயே தங்கும், வயிறு நிறைந்திருப்பதால் ஆடு மேற்கொண்டு தின்னாது. காய்ந்த புல் மலைபோல் கிடந்தும் ஆடு மெலிவது இதனால்தான். வயிறு பெரிதாகத் தெரிவதைப் பார்த்து "நல்லா மேஞ்சிருக்கு" என்று திருப்திப்படுவது புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு.

மரத்தழை இந்த வேகத்தில் விழாது. வேர் ஆழத்தில் இருப்பதால் மேல்மண் காய்ந்த பிறகும் இலை வரும். வாகை, உசிலை, வேல் வகை மரங்கள் பயறு இனத்தோடு சேர்ந்தவை. அவற்றின் தழையில் இயல்பாகவே புரதம் கூடுதல். வேப்பந்தழையில் 12 முதல் 15 பங்கு வரை இருக்கும். ஆனால் வேல மரங்களில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் உண்டு. அது புரதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு செரிக்க விடாது. ஒரு துண்டு கருவேல் நெற்றைக் கடித்துப் பாருங்கள், கடுக்காய் தின்றதுபோல நாக்கை இழுக்கும். வெள்ளாடு இதை மாட்டையும் செம்மறியையும் விட நன்றாகத் தாங்கும். அதற்கும் ஒரு அளவு உண்டு.

வயலில் வயதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தண்டை விரலில் சுற்றிப் பார்ப்பது. மோதிரம் மாதிரிச் சுற்றினால் இளசு. வளைந்து மடங்கினால் நடுத்தரம். சடக்கென்று ஒடிந்தால் முடிந்தது கதை.

3. தண்ணீரைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்

ஐப்பசிப் போன்களுக்கான பதில் இந்தப் படியில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் வயதான ஆட்டுக்கார அண்ணாச்சி ஒருவர் இதை ஒரே வரியில் சொல்வார்: "பச்சையப் பாத்து மயங்காதீங்க தம்பி, அம்புட்டும் தண்ணி."

ஆடு கடிக்கும் அதே பாகத்தைக் கையால் பறித்து ஒரு கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் பரப்பி நிழலில் நாலைந்து நாள் காயப்போட்டு, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் மறுபடி நிறுங்கள். மழை நாளில் காயாது, பூஞ்சை பிடித்துவிடும், அடுப்படியில் பரப்புங்கள். மழைக்குப் பிறகு முளைத்த இளம் புல்லும் சாரணையும் கலந்து நான் காயவைத்ததில் ஒரு கிலோ 170 கிராம் ஆனது. கார்த்திகைக் கடைசியில் அதே இடத்துத் தழை 260 கிராம்.

இப்போது கணக்கு. 25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர் தீவனம் வேண்டும். தோராயமாக 900 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 170 கிராம் என்றால் ஐந்தேகால் கிலோ பச்சை தின்றாக வேண்டும். விரல் நீளம் கூட வளராத புல்லில், மழை இடைவெளியில் கிடைக்கும் நாலைந்து மணி நேரத்தில் அவ்வளவு கடிக்க ஆட்டுக்கு முடியாது. புல்லில் புரதம் நிறைய இருக்கிறது, ஆனால் ஆட்டுக்குப் பற்றவில்லை. மாசிக் கடைசியில், அறுத்த காட்டில் நல்லது தீர்ந்தபின், நிலைமை தலைகீழ்: எடை கிடைக்கும், புரதம் இருக்காது. இரண்டு மாதத்திலும் ஆடு இளைக்கிறது, காரணம் நேர் எதிர். எனவே மருந்தும் எதிர்தான். இதைப் பிரித்துப் பார்க்காமல் வருடம் முழுக்க ஒரே தீவனத்தை ஒரே அளவில் வைப்பது பணத்தைக் காட்டில் கொட்டுவதற்குச் சமம்.

4. வருடத்தை ஐந்தாக வெட்டுங்கள்

மேலே சொன்ன மூன்றையும் செய்தால் உங்கள் காட்டுக்கான அட்டவணை தானாக வரும். என்னுடையது இப்படி.

*ஐப்பசி, கார்த்திகை முற்பாதி: தண்ணீர்ப் பச்சை.* வெளியே விடும் முன்பு ஆட்டுக்கு ஒரு கை கடலைக்கொடியோ சோளத்தட்டையோ கொடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு இளம் புல்லில் பாய்ந்தால் கழிச்சல் வரும். திடீரென்று வளமான மேய்ச்சல் கிடைக்கும் இந்தச் சமயத்தில்தான் துள்ளுமாரி நோய் நல்ல ஆடாகப் பார்த்து அடிக்கும்; தடுப்பூசியை மழைக்கு முன், புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகும் முன்பே நோய் முந்திக்கொள்ளும். பனி காயும் முன் பட்டியைத் திறக்காதீர்கள். குடற்புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லில்தான் ஏறி நிற்கும், அதுவும் தரையை ஒட்டிய சில அங்குலத்துக்குள். உயரமான வேலித்தழையை முதலில் காட்டி, புல்லைப் பிறகு காட்டுவது நல்லது.

*கார்த்திகைப் பிற்பாதி முதல் தை வரை: பொற்காலம்.* நரிப்பயறு, செப்புநெருஞ்சி, கோவை, முசுமுசுக்கை எல்லாம் பூவும் பிஞ்சுமாக நிற்கும். தண்ணீர் குறைந்து எடை ஏறியிருக்கும், புரதமும் இன்னும் விழுந்திருக்காது. இலந்தைப் பழம் உதிரத் தொடங்கும். இந்த மாதங்களில் நான் சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் தவிர வேறு எதற்கும் தீவனம் வைப்பதில்லை. வைத்தால் காட்டில் தின்பதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் பலன்.

*மாசி, பங்குனி: அறுப்புக்காடு.* உளுந்து, பாசி, சோளம் எடுத்த காட்டில் உதிர்ந்த இலையும் சிந்திய பயறும் கிடக்கும். முதல் இரண்டு வாரம் அருமையான மேய்ச்சல். ஆடு நல்லதை முதலில் பொறுக்கிவிடும். மூன்றாவது வாரம் அதே காட்டில் கட்டைதான் மிச்சம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஒரு காட்டில் நுழைந்த தேதியை நோட்டில் எழுதுங்கள், பதினைந்து நாளில் நகருங்கள். இடையில் பருவம் தப்பிய மழை ஒன்று பெய்தால் காய்ந்த தழையில் மிச்சமிருந்த கரையும் சத்தும் கழுவிக்கொண்டு போய்விடும், கறுத்துப் பூஞ்சையும் பிடிக்கும். அந்தக் காட்டை மறந்துவிடுங்கள். இதே நேரத்தில் வேம்பும் அரசும் இலை உதிர்த்துச் செந்துளிர் விடும். தரை காயும்போது மரம் துளிர்ப்பது ஆட்டுக்காரனுக்கு ஒரு வரம். தொரட்டியை எடுக்க வேண்டிய மாதம் இதுதான். ஒரு மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழை ஒடிக்காதீர்கள், அடுத்த வருடமும் அது வேண்டும்.

*சித்திரை முதல் ஆனி வரை: நெற்றுக் காலம்.* புல் செத்துவிட்டது. ஆனால் கண்மாய்க்குள் கருவேலும் கரையில் சீமைக்கருவேலும் நெற்று உதிர்க்கும். காற்று அடித்து நெற்று விழும் சத்தம் கேட்டால் மேய்ந்துகொண்டிருக்கும் மந்தை மொத்தமும் தலை தூக்கி ஓடும். பகல் முழுக்க நெற்றைத் தின்றுவிட்டு ராத்திரி அசைபோடும்போது கடினமான கருவேல் விதைகளைத் துப்பும். விடியற்காலையில் பட்டியைப் பெருக்கினால் விதை குவியலாக வரும். நாற்றங்காலுக்கு அந்த விதையைத் தேடி வாங்குவார்கள், முளைப்பு நன்றாக இருக்கும் என்று.

*ஆடி முதல் புரட்டாசி வரை: உண்மையான பஞ்சம்.* சித்திரை வெயிலைத்தான் எல்லோரும் அஞ்சுவார்கள். என் நோட்டில் ஐந்து ஆடுகளும் ஆகக் குறைந்த எடை காட்டியது ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும்தான். நெற்று முடிந்துவிட்டது, ஆடிக்காற்று சருகையும் அள்ளிப்போய்விட்டது, மழை இன்னும் வரவில்லை. சேமிப்பு எல்லாம் இந்த மூன்று மாதத்தைக் குறிவைத்தே இருக்க வேண்டும்.

5. ஆட்டின் உடம்பில் சரிபாருங்கள்

அட்டவணை சரியா என்று ஆடுதான் சொல்லும். மாதம் ஒருநாள், காலையில், தண்ணீர் காட்டும் முன்பு ஐந்து ஆடுகளையும் நிறுங்கள். மேய்ந்து வந்தபின் நிறுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு மூன்று கிலோ உங்களை ஏமாற்றும்.

அப்புறம் இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பைத் தடவுங்கள். எலும்பின் முனைகள் சீப்புப் பல் மாதிரி விரலில் குத்தினால் ஆடு கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. மெல்ல அழுத்தினால்தான் தெரியும் என்றால் சரியான நிலை.

புழுக்கையையும் பாருங்கள். தனித்தனியாக, லேசான பளபளப்போடு, மிதித்தால் நசுங்கும்படி இருந்தால் நல்லது. சிறுத்து, கல்லாகிக் கறுத்திருந்தால் நாரோ துவர்ப்போ மிகுதி, அல்லது தண்ணீர் பற்றவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழுந்தால் இளம் பச்சை அதிகம், அல்லது புழு.

எடை குறைந்தால் உடனே மேய்ச்சல் மேல் பழி போடாதீர்கள். கீழ்க் கண்ணிமையைப் பிதுக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு. கார்த்திகையில் இதைப் பார்க்காமல் பிண்ணாக்கு வாங்கிக் கொட்டினால் அது புழுவுக்குப் போட்ட விருந்து. நானும் முதல் வருடம் ஒரு மூட்டை அப்படிப் போட்டேன்.

6. நெற்றைச் சேருங்கள்

பஞ்ச மாதத்துக்குக் காசு செலவில்லாமல் கிடைக்கும் ஒரே சேமிப்பு இது. பல கண்மாய்களில் மரம் ஏலத்தில் போயிருக்கும்; விசாரித்து, கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

தினமும் பொறுக்க வேண்டும். ஒரு வாரம் தரையில் கிடந்தால் வண்டு துளைத்துவிடும், கோடை மழை ஒன்று விழுந்தால் பூஞ்சை. பச்சையாகப் பறிக்காதீர்கள், பழுத்துத் தானாக விழும் நெற்றில்தான் இனிப்பு ஏறியிருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒடித்தால் சடக்கென்று உடைய வேண்டும், குலுக்கினால் விதை சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

சீமைக்கருவேல் நெற்றில் 10 முதல் 13 பங்கு புரதமும் நிறையச் சர்க்கரையும் உண்டு. முழுதாகப் போட்டால் விதை அப்படியே புழுக்கையில் வந்துவிடும். இரண்டு நஷ்டம்: விதையிலுள்ள புரதம் போச்சு, உங்கள் காடு முழுக்கச் சீமைக்கருவேல் முளைக்கும். அரைத்துக் கொடுப்பதே சரி. அரைக்கும் முன் மறுபடி ஒருநாள் நல்ல வெயிலில் போடுங்கள். சர்க்கரை ஈரம் இழுத்தால் மாவு பிசின் மாதிரி இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். மில்காரர் அடுத்த முறை உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

அளவு முக்கியம். மொத்தத் தீவனத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மாதக்கணக்கில் இதையே முக்கிய இரையாகத் தின்ற ஆடுகளுக்குத் தாடை நரம்பு பாதிக்கும். மெல்லும்போது வாய் கோணும், எச்சில் ஒழுகும், தின்றது கீழே விழும். அந்தக் கட்டத்துக்குப் போன ஆடு தேறுவது கஷ்டம்.

கருவேல் நெற்றைத் தனியாகப் போட்டால் துவர்ப்பு மிகுந்து புழுக்கை கல்லாகும். கடலைக்கொடியோ அகத்தியோ கலந்து போடுங்கள்.

7. இல்லாததை மட்டும் கொடுங்கள்

தண்ணீர்ப் பச்சை மாதங்களில் இல்லாதது உலர் எடை. கடலைக்கொடி, தட்டை, காய்ந்த உளுந்துச்செடி போதும். பிண்ணாக்கு தேவையில்லை.

காய்ந்த மாதங்களில் இல்லாதது புரதம். ஒரு ஆட்டுக்கு 100 கிராம் கடலைப்பிண்ணாக்கு கொடுத்தால் ஏறக்குறைய 40 கிராம் புரதம் உள்ளே போகும். அது வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களை எழுப்பிவிடும், காட்டில் கிடக்கும் காய்ந்த புல்லையே ஆடு கூடுதலாகத் தின்று செரிக்கும். சவுண்டல் (சூபாபுல்) தழை கிடைத்தால் இன்னும் மலிவு. அதில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

பலரும் இங்கே செய்வது நேர் எதிர்: ஆடு இளைத்திருக்கிறதே என்று கம்பையும் மக்காச்சோளத்தையும் அள்ளி வைப்பார்கள். பழக்கமில்லாத வயிற்றில் தானியம் சட்டென்று புளித்து அமிலமாகும், ஒரே இரவில் ஆடு சாயும். எந்தப் புதுத் தீவனமானாலும் ஒரு கைப்பிடியில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். நுண்ணுயிர்க் கூட்டம் மாற அவ்வளவு நாள் பிடிக்கும்.

தாது உப்புக் கட்டி வருடம் முழுக்கத் தொங்க வேண்டும். மரத்தழையில் சுண்ணாம்புச்சத்து நிறைய, பாஸ்பரஸ் குறைவு. காய்ந்த புல்லில் அதுவும் இன்னும் விழும். ஆடு எலும்பையும் மண்ணையும் நக்கினால் இதைத்தான் தேடுகிறது.

8. கிடா சேர்க்கும் தேதியை இலையை வைத்து முடிவு செய்யுங்கள்

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஆவணி முதல் தேதி கிடா சேர்த்தால் தை முதல் தேதி குட்டி. பொங்கலுக்குக் குட்டி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் அந்தத் தேதி? சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அது கார்த்திகைக் கடைசியும் மார்கழியும், பொற்காலம். பால் கொடுக்கும் முதல் மாதம் தை. அடைமழையும் சேறும் முடிந்திருக்கும், குட்டிக்குச் சளி பிடிப்பது குறையும். மாசியில் அறுப்புக்காட்டுப் பயற்றிலையைக் குட்டி கொறிக்கத் தொடங்கும். மூன்று மாதத்தில் பால் மறக்கும்போது சித்திரை, நெற்று உதிரும் காலம்.

சிக்கல் ஒன்றே ஒன்று. கிடா சேர்க்கும் ஆவணி, வருடத்தின் மெலிந்த மாதம். மெலிந்த பெட்டை பருவத்துக்கு வராது, வந்தாலும் ஒற்றைக் குட்டி. அதனால் ஆடி இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முடியும் வரை சேமித்த நெற்று மாவு 200 கிராம், பிண்ணாக்கு 50 கிராம் என்று கொடுங்கள். உடம்பு ஏறும் பாதையில் இருக்கும் ஆட்டுக்குத்தான் இரட்டை பிடிக்கும். ஆறாவது படியில் சேர்த்த மூட்டைகள் இதற்காகத்தான்.

மற்ற மாதங்களில் கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள், அல்லது பழைய வழக்கப்படி வயிற்றில் கோணியைக் கட்டி விடுங்கள். கிடா மந்தையோடு சும்மா திரிந்தால் வைகாசியில் சேர்ந்து ஐப்பசி அடைமழையில் குட்டி விழும்.

9. பசி வந்தால் விஷமும் ருசிக்கும்

நல்ல மேய்ச்சல் இருக்கும்போது ஆடு எருக்கையும் ஊமத்தையையும் அரளியையும் ஒதுக்கிவிடும். ஆடி, ஆவணியில் ஒதுக்காது. ஓடைக்கரையில் கோடையிலும் பசுமையாக நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை ஒருமுறை பழகிவிட்டால் தேடிப்போய்த் தின்னும், நாளடைவில் நடை தள்ளாடி விழும். பஞ்ச மாதத்தில் மந்தையை ஓடைப்பக்கம் ஓட்டும் முன் பட்டியிலேயே கொஞ்சம் போட்டு, பசியை ஆற்றி அனுப்புங்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது சோளம். கோடை மழை ஒன்று பெய்ததும் அறுத்த சோளக்கட்டையில் துளிர் வரும், சிந்திய விதையும் முளைக்கும். காய்ந்த காட்டில் அது மட்டும் பச்சை. வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நச்சு உண்டாகும். தின்ற ஆடு சில நிமிடங்களில் மூச்சிரைத்து விழலாம். இதற்கு ஊசி இருக்கிறது, மருத்துவர் வந்து சேர நேரம்தான் இருக்காது. பூ எடுக்காத சோளத்தில் ஆட்டை விடாதீர்கள்.

10. ஆய்வகத்துக்கு அனுப்புவதானால்

இது கட்டாயமில்லை. ஆனால் உங்கள் காட்டில் ஆடு அதிகம் தின்னும் நாலைந்து தழையின் எண் தெரிந்தால் பிண்ணாக்குச் செலவு குறையும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. கட்டணத்தையும் எவ்வளவு மாதிரி வேண்டும் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் காயவைத்து அரைக் கிலோ எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

அறுத்துக் கட்டிய முழுச்செடியை அனுப்பாதீர்கள். ஆடு நுனியைத்தான் கடிக்கிறது, நீங்கள் அடித்தண்டையும் சேர்த்து அனுப்பினால் எண் குறைவாகத்தான் வரும். ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று, அது கடித்த உயரத்தில், கடித்த நீளத்துக்கு, விரலால் கிள்ளிச் சேருங்கள். ஒரு மாதிரிக்கு அரை நாள் ஆகும். பத்துச் செடியை ஒரே மாதத்தில் அனுப்புவதைவிட மூன்று செடியை மார்கழி, பங்குனி, ஆவணி என்று மூன்று முறை அனுப்புவது பயன்.

அறிக்கையில் வரும் புரத எண், தழையிலுள்ள நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கி வந்தது. டானின் பிடித்து வைத்திருக்கும் புரதமும் அதற்குள் அடக்கம். ஆகவே கடலைக்கொடிக்கு 9 என்றும் கருவேல் நெற்றுக்கு 12 என்றும் வந்தால் நெற்றுதான் உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியே ஒரு வாரம் கொடுத்துப் பட்டியில் விழும் புழுக்கையைப் பாருங்கள்.